ருசிக்குப் புள்ளி இல்லை

இன்பமலரின் சோற்றுக்குப் புள்ளி போட வேண்டும் என்று சொன்ன கடிதத்தைப் பேணாட் மூன்றாம் தடவையாக வாசித்தார். வாசிக்க வாசிக்கப் பசி கூடியதே தவிர விளக்கம் கூடவில்லை.

கடிதத்தில் அப்படி நேரடியாக எழுதியிருக்கவில்லைத்தான். அலுவலகச் சிற்றுண்டிச்சாலையை நான்கு வருடமாக ஒரே ஆளுக்குத் 'தற்காலிகமாக' நீடித்து நீடித்துக் கொடுத்து வந்தது கணக்காய்வாளர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே இந்த முறை போட்டி முன்மொழிவு கோர வேண்டும். விலை குறைந்தவருக்குத் தூக்கிக் கொடுக்காமல் அனுபவம், சமையலறை, சுத்தம், விலை என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, கூடிய புள்ளி எடுத்தவருக்கே கொடுக்க வேண்டும். மாத முடிவில் பழைய ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் புதியது வராவிட்டால் சிற்றுண்டிச்சாலையைப் பூட்ட வேண்டியதுதான்.

பேணாட் அந்த மாகாண அலுவலகத்தின் நிருவாக உத்தியோகத்தர். எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம். திருகோணமலையில் மாகாண அலுவலகங்களுக்குக் குறைவில்லை. யன்னலைத் திறந்தால் துறைமுகமும் கதவைத் திறந்தால் கோப்புக் கட்டுகளும் தெரிகிற கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக் குழுவுக்குச் செயலாளராகவும் அவரையே போட்டிருந்தார்கள்.

இன்பமலர் உப்புவெளிக்காரி. காலையில் தேநீர், வடை, ரொட்டி எல்லாம் அலுவலகச் சிற்றுண்டிச்சாலை அடுப்பிலேயே செய்வார். மத்தியானச் சோறு மட்டும் வெளியிலிருந்து வரும். அரச கட்டடத்துக்குள் விறகு மூட்டக்கூடாது என்பதால் அந்த ஏற்பாடு. பதினொன்றரைக்கு அஷ்பாக்கின் ஓட்டோ பின்வாசலில் வந்து நிற்கும். மூடி போட்ட பெரிய சட்டிகள் இறங்கும். அந்த மூடி திறந்ததும் மேல்மாடியில் இருக்கிற கணக்குக் கிளையில் ஒருவருக்கும் கூட்டல் சரிவராது.

சூரை மீன் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, ஏதாவது ஒரு சம்பல். இவ்வளவுதான். ஆனால் மாற்றலாகிக் கொழும்புக்குப் போன ஒரு பொறியியலாளர், அந்த மீன் கறிக்காகவே தேவையில்லாத கள ஆய்வு ஒன்றைத் திருகோணமலையில் போட்டுக்கொண்டு வந்தார் என்றால் பாருங்கள். யாராவது கறியைப் புகழ்ந்தால் இன்பமலர் தலையைக் குனிந்து சிரிப்பார். நல்ல அடக்கமான மனுசி என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள்.

மற்றவர்களுக்கு அது மத்தியானச் சாப்பாடு. பேணாட்டுக்கு அது அதைவிடக் கூடியது. மனைவி றஜிதா மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கனடாவுக்குப் போய், பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகும் திரும்பாமல் நிற்கிறார். வீட்டில் பேணாட் ஒருவர்தான். அவருக்கு முட்டை அவிக்கத் தெரியும். அதுவும் சிலவேளை வெடிக்கும். காலையில் பாண், இரவில் பாண். இடையில் அந்தச் சோற்றுப் பார்சலை அவிழ்க்கிற நேரம்தான் யாரோ தனக்காகச் சமைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். அதை இழக்க அவர் தயாராக இல்லை.

ஆகவே அரச சேவையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் செய்வதை அவர் செய்தார். நிபந்தனைகளை எழுதத் தானே முன்வந்தார்.

தட்டச்சுச் செய்ய முகாமைத்துவ உதவியாளர் லதுஷா இருந்தாள். பேணாட் கண்ணை மூடிக்கொண்டு முதல் நிபந்தனையைச் சொன்னார். விண்ணப்பதாரர் மாகாண அலுவலகம் ஒன்றில் நான்கு வருடம் தொடர்ச்சியாகச் சிற்றுண்டிச்சாலை நடத்தியவராகவும், பெண்ணாகவும், நகரசபை எல்லைக்கு வடக்கே வசிப்பவராகவும் இருத்தல் வேண்டும்.

லதுஷா அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சேர், இன்பமலர் அக்காட அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்து அடிச்சுவிடட்டா?"

பேணாட் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்.

பணிப்பாளர் நஜ்முன் நிஸா அந்தத் தாளைப் பார்த்துச் சிவப்புப் பேனையை எடுத்தார். அவர் கோபப்படுகிறவர் அல்ல. சிரித்த முகத்தோடு ஒரு பக்கத்தை முழுதாக வெட்டிவிட்டு, கையில் தேநீரும் தந்து அனுப்புகிற ஆள்.

"மிஸ்டர் பேணாட், ஒரு ஆள் மட்டும் ஓடுற ஓட்டத்தில முதலாமிடம் வாறதுக்கு நடுவர் தேவையில்லை. பொதுவா எழுதுங்க. குறைஞ்சது மூண்டு முன்மொழிவு வர வேணும். வராட்டி நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

பொதுவாக எழுதினால் யாரும் வந்துவிடலாம் என்பதுதான் பேணாட்டின் பயம். கொழும்பிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் மாகாண அலுவலகங்களின் சமையலை எல்லாம் வளைத்துப்போடத் திரிகிறது என்று ஒரு கதை வேறு அடிபட்டது. அவர்கள் சோற்றைப் பிளாஸ்ரிக் பெட்டியில் அடைத்துத் தருவார்களாம். கறிக்குப் பெயர்கூட இருக்காதாம். இரவெல்லாம் புரண்டு படுத்து, காலையில் புது நிபந்தனையோடு வந்தார். மத்தியான உணவு சூடாக வந்துசேர வேண்டியிருப்பதால், சமையல் நடைபெறும் இடம் அலுவலகத்திலிருந்து தரை வழியே பதினைந்து கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும்.

உப்புவெளி அதற்குள் தாராளமாக அடங்கும். கொழும்பு அடங்காது. பணிப்பாளர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, இது நியாயமான நிபந்தனை, ஆறின சோற்றை யார் சாப்பிடுவது என்று ஒப்புக்கொண்டார். பேணாட் தன் கதிரையில் வந்து அமர்ந்து, பணி தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு வசனம் எழுதியதில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

விளம்பரம் போட்டாயிற்று. கொழும்பு நிறுவனம் வரவில்லை. வேறு ஒருவரும்கூட வரவில்லை. ஒரு கிழமை கழிந்தும் விண்ணப்பம் எடுத்தவர் இன்பமலர் ஒருவர்தான். அவரும் லதுஷா வலிந்து கையில் திணித்ததால் எடுத்தவர்.

அன்றைக்குப் பின்னேரம் இன்பமலர் அந்த விண்ணப்பத்தைச் சுருட்டிப் பிடித்தபடி பேணாட்டின் மேசைக்கு வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"சேர், இதில ஒரு விசயம் இருக்குது. உங்களிட்டச் சொல்லாம நான் இதை நிரப்ப ஏலாது."

பேணாட் இரண்டு கையையும் தூக்கி அவரைத் தடுத்தார். நிபந்தனையைத் தனக்கு வேண்டியபடி வளைக்கிற மனுசன்தான். ஆனால் பெறுகை விதியில் ஒரு விதி அவருக்கு வேதவாக்கு. முன்மொழிவு போடுகிறவர் மதிப்பீட்டுக் குழுவின் செயலாளரோடு தனியே கதைக்கக்கூடாது. கதைத்தது தெரிந்தால் அவருடைய முன்மொழிவையே தள்ளிவிடலாம்.

"இன்பமலர், முடிவு வரும்வரைக்கும் நீங்கள் என்னோட ஒரு சொல்லுக் கதைக்கக்கூடாது. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். சோத்தை மட்டும் தாங்கோ."

இன்பமலர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். பேணாட் எழுந்து வெளியே போய்விட்டார். பாவம், விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் தடுமாறுகிறார் என்று அவருக்கு இரக்கமாக இருந்தது.

மூன்று முன்மொழிவுக்கு இன்னும் இரண்டு வேண்டும். வராத போட்டியாளர்களைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் கண்டவரையும் கூப்பிட்டு வைத்து, வந்தவர் வென்று தொலைத்தால் என்ன செய்வது? தோற்பார் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். பேணாட் அதற்கு அரை நாள் விடுப்பே எடுத்தார்.

முதலாவது ஆள் சுலபமாக அகப்பட்டார். உப்புவெளிக் கடற்கரையில் விருந்தினர் விடுதி நடத்தும் டிலான். வெள்ளைக்காரருக்குச் சமைத்துப் பழகியவர். ஒரு வாழைப்பழத்தை நாலாக வெட்டி நாலு பேருக்கு விலை போடுகிறவர். அவருடைய விலையைப் பார்த்தாலே குழு கும்பிட்டு அனுப்பிவிடும்.

இரண்டாமவரை லதுஷா சொன்னாள். குறிஞ்சாக்கேணியில் கலீலுர் றஹ்மான் என்று கலியாணச் சமையல்காரர் ஒருவர் இருக்கிறார், 'கலீல் காக்கா' என்றால் கிண்ணியாப் பக்கம் பெரிய பேர் என்றாள். பேணாட் வரைபடத்தைப் பார்த்தார். சீனன்குடா கழிந்து, பாலம் கடந்து, அதற்கும் அப்பால். பதினைந்து கிலோமீற்றரைத் தாண்டிவிடும். எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் தூரத்தில் விழுவார். இப்படி ஒரு போட்டியாளரைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

மோட்டார்சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. களப்புக் கரையோரத்தில் தகரக் கொட்டில். கழுவின கிடாரங்களைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தார்கள். கலீலுர் றஹ்மான் சாரமும் பனியனுமாக வந்து, கதிரை போட்டு, தேநீர் வரவழைத்தார். பேணாட் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறார் என்று கேட்டதும் அவருடைய கண் அகன்றது.

"ஒங்கட கந்தோர் கன்ரீனுக்கா? என்னையா கேக்கிறீங்க?"

ஓம் என்றார் பேணாட். அரசாங்கம் எல்லோருக்கும் சமமாக வாய்ப்புக் கொடுக்கிறது, இதில் போட்டி இருக்க வேண்டும், போட்டி இருந்தால்தான் தரம் இருக்கும் என்று சுற்றுநிருபத்தில் இருந்ததை எல்லாம் ஒப்புவித்தார்.

கலீலுர் றஹ்மான் தாடியைத் தடவினார். "சேர், அங்க இன்பமலர் அக்கா இருக்கிறா. நான் இதில எறங்கினா அவவுக்கு..."

"மற்றப் போட்டியாளரைப் பற்றி என்னோட கதைக்கக்கூடாது," என்று பேணாட் குறுக்கிட்டார். "விண்ணப்பத்திலயும் அவவின்ர பேரை எழுதாதீங்கோ. தள்ளுபடியாகிப் போகும்."

வீடு தேடி வந்து கேட்கிறவரை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது என்று கலீலுர் றஹ்மான் கடைசியில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். இராச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வற்புறுத்தினார். மத்தியானம் அலுவலகத்தில் சாப்பிட்ட சூரை மீன் கறியே இன்னும் வயிற்றில் நிற்கிறது என்று பேணாட் மறுத்தார்.

"கறி நல்லா இருந்ததா, சேர்?"

"அதை ஏன் கேக்கிறீங்கள். உங்களுக்கும் சமையல்தானே தொழில், ஒருநாளைக்கு வந்து சாப்பிட்டுப் பாருங்கோ. கற்றுக்கொள்ளலாம்."

கலீலுர் றஹ்மான் வாய்விட்டுச் சிரித்தார். தொழில் பொறாமை இல்லாத மனுசன் என்று பேணாட்டுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தோற்கடிக்கப் போகிறோமே என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

குறித்த நாளில் பெட்டி திறக்கப்பட்டது. மூன்று உறைகள். பேணாட்டுக்கு மூச்சு வந்தது.

குழுவில் பணிப்பாளர், கணக்காளர், பேணாட் என்று மூவர். முதல் வேலையாக மூவரின் சமையலையும் ருசி பார்ப்போம் என்று பேணாட் பிரேரித்தார். ருசி என்று வந்துவிட்டால் இன்பமலரை யார் வெல்வது? புள்ளி அட்டவணையை முன்னும் பின்னும் புரட்டிய கணக்காளர் தொண்டையைச் செருமினார். அனுபவத்துக்குப் புள்ளி இருக்கிறது, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் புள்ளி இருக்கிறது, விலைக்கும் இருக்கிறது. ருசிக்கு இல்லை. அட்டவணையைத் தயாரித்த செயலாளர் போட மறந்துவிட்டார்.

செயலாளர் தலையைச் சொறிந்தார். இன்பமலரின் ருசி எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதை எதற்கு எழுதுவது என்று அன்றைக்கு விட்டது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

இல்லாத புள்ளிக்காகப் போட்டியாளரிடம் இலவசமாகச் சோறு வாங்கிச் சாப்பிட்டால் நாளைக்கு அதைக் கையூட்டு என்பார்கள் என்றார் கணக்காளர். பணிப்பாளரும் அதை ஏற்றுக்கொண்டார். ஆகவே சாப்பாட்டைச் சாப்பிடாமலே தரம் பார்ப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டு, மூவரும் காசு கொடுத்து வாங்கிய இன்பமலரின் சோற்றைச் சாப்பிடக் கலைந்தார்கள்.

பின்னேரம் காகிதத்தில் சமையல் தொடங்கியது.

டிலான் எதிர்பார்த்தபடியே முதலில் விழுந்தார். அவருடைய விலைப் பட்டியலில் கடற்காற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் விலை இருந்தது.

கலீலுர் றஹ்மான் விழவில்லை. சுகாதாரப் பரிசோதகரின் சான்றிதழ் வைத்திருந்தார். கொட்டிலின் படம், தண்ணீர்ப் பரிசோதனை, வேலையாட்களின் மருத்துவ அறிக்கை, எல்லாம் ஒழுங்காக இணைத்திருந்தார். விலையோ இன்பமலரின் விலையைவிட நன்றாகக் குறைவு. இந்த விலைக்கு எப்படி மீன் போடுவார் என்று பேணாட் சந்தேகம் கிளப்பினார். போடுவேன் என்று எழுதியிருக்கிறாரே என்றார் கணக்காளர்.

இன்பமலரின் முன்மொழிவில் பல இடம் வெறுமையாகக் கிடந்தது. சமையலறைப் படம் இல்லை. சான்றிதழ் இல்லை. 'சமையல் நடைபெறும் இடம்' என்ற கட்டத்தில் 'வழமைபோல்' என்று எழுதியிருந்தார்.

"வழமைபோல் எண்டா எங்க?" என்று கேட்டார் பணிப்பாளர்.

உப்புவெளியில் அவருடைய வீட்டில்தான், ஊருக்கே தெரிந்த விசயம் என்றார் பேணாட். அப்படியென்றால் போய் ஒருதடவை அந்தக் குசினியைப் பார்த்துவிட்டு வருவோமா என்று பணிப்பாளர் கேட்டார். பேணாட் அதைக் கற்பனை செய்து பார்த்தார். ஏழை மனுசியின் குசினி. சுவரில் கரி பிடித்திருக்கும், ஒரு மூலையில் கோழி நிற்கும். பணிப்பாளர் அதைக் கண்டால் இருக்கிற புள்ளியும் போய்விடும்.

"மெடம், நாலு வருசமா எங்கட வயிறுதான் அந்தக் குசினியைப் பரிசோதிச்சது. ஒருத்தருக்கும் ஒண்டும் வரயில்லை. இதைவிடப் பெரிய சான்றிதழ் எங்க இருக்கு?"

பணிப்பாளர் சிரித்துவிட்டார். பேணாட்டின் சொந்தப் பொறுப்பில் அந்தக் கட்டத்துக்கு 'உப்புவெளி' என்று குறிப்பு எழுதப்பட்டது. இருந்தும், புள்ளியைக் கூட்டிப் பார்த்தால் கலீலுர் றஹ்மான்தான் முன்னுக்கு நின்றார். கொஞ்ச நஞ்சமல்ல, எட்டாத தூரத்தில் நின்றார்.

அப்போதுதான் பேணாட் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். தூரம். குறிஞ்சாக்கேணி பதினைந்து கிலோமீற்றருக்கு வெளியே இருக்கிறது, ஆகவே ஆரம்பத் தகுதியே இல்லை.

இதோடு அலுவல் முடிந்தது என்று அவர் கோப்பை மூடப் போனார். பணிப்பாளர் விடவில்லை. இவ்வளவு திறமான முன்மொழிவை ஒரு சில கிலோமீற்றருக்காகத் தள்ளுவது அரசாங்கத்துக்கு நட்டம் இல்லையா என்று யோசித்தார். சிறு விலகல்களைக் குழு மன்னிக்கலாம் என்று விதியிலும் இடம் இருக்கிறது. தூரம் தனக்கு ஒரு பிரச்சினை இல்லை, சோறு சூடாக வந்துசேரும், அது தன் பொறுப்பு என்று அந்த மனுசன் தன் கையால் எழுதியும் தந்திருக்கிறார்.

பேணாட் எழுந்து நின்றார். முப்பது வருட சேவையில் கூட்டத்தில் எழுந்து நின்று கதைத்தது அன்றைக்குத்தான். மறுநாள் மத்தியானம் கூட்டத்தைத் தொடர்வோம் என்று கேட்டு வாங்கி, மறுநாள் சரியாகப் பதினொன்றரைக்குப் பின்வாசலுக்கு ஓடினார். அஷ்பாக்கின் ஓட்டோவிலிருந்து இறங்கிய சட்டியிலிருந்து முதல் பார்சலைக் கட்டுவித்து, கை சுடச்சுடக் கொண்டுவந்து பணிப்பாளரின் மேசையில் வைத்து அவிழ்த்தார். ஆவி எழும்பியது. கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாருங்கோ மெடம். இதுதான் சூடு. இது உப்புவெளியில இருந்து வந்த சோறு. இதே சோறு சீனன்குடா சுத்தி, பாலம் தாண்டி, குறிஞ்சாக்கேணியில இருந்து வந்தா இப்பிடி இருக்குமா? விறைச்சுப் போகும். அந்தாள் சும்மா எழுதித் தந்திருக்கிறார்."

பணிப்பாளர் ஒரு விரலால் சோற்றைத் தொட்டுப் பார்த்து விரலை எடுத்துக்கொண்டார். உண்மையிலேயே சுட்டது. நிபந்தனை என்றால் நிபந்தனைதான், மன்னிப்பு வேண்டாம் என்று முடிவாயிற்று. இனிமேல் யாரும் கேள்வி கேட்காதபடி இதே நிபந்தனையை ஒப்பந்தத்திலும் சேர்த்து எழுதும்படி பணிப்பாளர் சொன்னார். பேணாட் சந்தோசமாகச் சேர்த்தார்.

கலீலுர் றஹ்மானுக்குப் போக வேண்டிய கடிதத்தையும் அவரே எழுதினார். காரணம் சொல்லாமல் தள்ளக்கூடாது என்பது விதி. 'தங்களது சமையலிடம் அமைந்துள்ள தூரத்திலிருந்து கொண்டுவரப்படும் உணவு இவ்வலுவலகத்தை வந்தடையும்போது உண்பதற்கு ஏற்ற நிலையில் இராது எனக் குழு கருதுவதால் தாங்கள் தகுதியற்றவராகத் தீர்மானிக்கப்பட்டுள்ளீர்கள்.' லதுஷா அதை அடித்துவிட்டு, இவ்வளவு கடுமையாக வேண்டுமா, ஒரு சமையல்காரரிடம் சொல்கிற கதையா இது என்று கேட்டாள். அவர் நல்ல மனுசன், சிரித்துவிட்டு விடுவார் என்று பேணாட் கையெழுத்து வைத்தார்.

அன்றிரவு றஜிதா கனடாவிலிருந்து போன் எடுத்தபோது பேணாட் நடந்ததை எல்லாம் சொன்னார். இன்னும் இரண்டு வருடத்துக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை என்றார். அப்படியென்றால் தான் இன்னும் கொஞ்சக் காலம் நின்று ஆறுதலாக வரலாம் என்று றஜிதா சொன்னார். பேணாட் அதற்கும் சேர்த்துச் சிரித்தார்; போனை வைத்த பிறகு, அதற்குச் சிரித்திருக்கக்கூடாதோ என்று நினைத்தார்.

ஒப்பந்தம் வைக்கும் நாளில் இன்பமலர் பேனையைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். கண் கலங்கியிருந்தது. பதினைந்து கிலோமீற்றர் என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு பேணாட்டைப் பார்த்தார்.

"சேர், இப்பவாவது நான் கதைக்கலாமோ?"

"கையெழுத்தை வையுங்கோ, பிறகு எவ்வளவும் கதைப்பம்."

பணிப்பாளர் எதிரே காத்திருந்தார். சாட்சிகள் இருவர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இன்பமலர் கையெழுத்து வைத்தார். பேணாட் கைகொடுத்து, இனிச் சொல்லுங்கோ என்றார். இன்பமலர் ஒப்பந்தத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இனிச் சொல்லி என்ன என்றபடி எழுந்து போனார். சந்தோசத்தில் சிலருக்கு வார்த்தை வராது என்று பேணாட் சாட்சிகளுக்கு விளக்கினார்.

புது ஒப்பந்தத்தின் முதல் நாள். பேணாட் வேண்டுமென்றே காலையில் பாண் சாப்பிடாமல் வந்திருந்தார். பதினொன்றரைக்குக் கோப்பை மூடினார். ஓட்டோச் சத்தம் கேட்கவில்லை. பன்னிரண்டுக்குச் சிற்றுண்டிச்சாலை வாசலில் வரிசை நின்றது. மேல்மாடிக் கணக்குக் கிளை முழுவதும் இறங்கி வந்திருந்தது. பணிப்பாளரும் தன் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

இன்பமலர் உள்ளே வாங்குப் பலகையில் கன்னத்தில் கை வைத்தபடி இருந்தார். காலையில் மிஞ்சிய வடை நாலு தட்டில் கிடந்தது. சோறு எங்கே என்று லதுஷா கேட்டதற்கு அவர் பின்வாசலைக் காட்டினார்.

பன்னிரண்டரை ஆகும்போது ஓட்டோ வந்தது. பேணாட் வரிசையை விலக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். அஷ்பாக் இறங்கி, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். பின் ஆசனத்தில் சட்டி இல்லை. மூடிகூட இல்லை.

வழியில் ஓட்டோ பழுதாகிவிட்டதா என்று கேட்டார் பேணாட். இல்லை என்றான். இன்பமலர் வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டார். அதுவும் இல்லை என்றான். வரிசை மெல்ல மெல்லப் பின்வாசலுக்கே நகர்ந்து வந்து அவர்களைச் சுற்றி நின்றது.

"அப்ப சோறு எங்க, அஷ்பாக்?"

அஷ்பாக் பேணாட்டைப் பார்த்தான், பிறகு பசியோடு நிற்கிற அத்தனை பேரையும் பார்த்தான். அவனுக்கே அது சங்கடமாக இருந்தது.

"நாலு வருசமா குறிஞ்சாக்கேணியில இருந்து சூடாத்தானே சேர் கொண்டு வந்தனான், இப்ப கலீல் காக்கா சொல்றார், தன்ட சோறு இஞ்ச வந்து சேரக்குள்ள தின்ன ஏலாமப் போகுதெண்டு நீங்க கையெழுத்து வச்சுக் கடிதம் அனுப்பியிருக்கிறீங்களாம், இனிமேச் சமைச்சுத் தர மாட்டாராம்."